உப்பு டப்பா

என் கோபக்கார மகராசிக்கு,

உன் அண்ணன் வீட்டில் சௌகரியமா? இங்கே நானும் தையல் மிஷினும்தான் பேசிக்கொள்கிறோம்.

கல்யாணமான புதிதில் உன் கை முறிந்தபோது, முக்காலியில் உட்கார்ந்து அதட்டியே எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தாயே! உப்பை நீயும் போட்டு, நானும் போட்டு, வாயில் வைக்க முடியவில்லை. "இனிமே உப்பு என் வேலை. டப்பாவைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!" என்றாய். "அப்போ ரெண்டு பேரும் பட்டினிதான்" என்றேன். கட்டுப் போட்ட கையாலேயே குத்தினாய். அன்று பிடித்த சமையல் பைத்தியம் இன்னும் விடவில்லை.

அண்ணன் முன்னால் உன் சமையலைக் கேலி பண்ணிய வாய்க்கு நல்லா வேணும். மூன்று வாரமாய் விதவிதமாய்ச் சமைக்கிறேன். வாசனை தெருவையே இழுக்கிறது. உப்பு டப்பாவை மட்டும் தொடவில்லை.

வந்து நீயே திற.

சப்பென்று சாப்பிட்டுக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்