நான் மொழிபெயர்க்காத அறிவிப்பு

அப்பா,

அன்று நான் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் பெட்டியில் விளக்கணையும் என்று ரயிலில் கொரிய மொழியில் அறிவித்ததை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் யார் என்பதை அந்த நிலையப் பணியாளரிடம் சொல்லவில்லை. முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது.

இன்று மத்தியானம் வீட்டில் கரண்ட் போனது. மின்விசிறியின் சத்தம் முதலில் நின்றது. இறக்கைகள் மட்டும் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா அடுப்படியிலிருந்து, "மோட்டாரு போட்டு உட்டிருந்தேன், தொட்டி ரொம்பிருச்சான்னு பாரு சாமி" என்றார். நான் எழவில்லை. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, கடைசியில் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சக்தி இல்லாமல் ஓடும் எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது அந்த ரயில்தான்.

நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக சியோலில் இருந்தபோது நீங்கள் வந்து பதினைந்து நாள் தங்கினீர்கள். அரண்மனைகளைக் காட்டினேன். ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்குது" என்றீர்கள். சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கிய பிறகுதான் உங்கள் முகம் மாறியது. வண்டி வந்து நின்றதும் முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தீர்கள்.

"எஞ்சின் எங்க சாமி?"

"தனியா எஞ்சின் இல்லீங்கப்பா. பத்துப் பொட்டியில அஞ்சுக்கு அடியில மோட்டார் இருக்குது. மத்தது சும்மா கூட வரும்."

"எந்த அஞ்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருடம் அந்த வண்டிகளில் போய் வந்திருந்தேன், ஒரு நாள்கூட யோசித்ததில்லை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றினீர்கள். வண்டி கிளம்பியது. கண்ணை மூடி இரண்டு நிலையம் வரை அப்படியே நின்றுவிட்டு, "இதுல இல்ல" என்றீர்கள். அடுத்த பெட்டிக்கு நடந்தீர்கள். "இதுல இருக்குது. பாதத்துல குறுகுறுன்னு ஏறுது பாரு." முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய கால். கிளட்சிலும் பிரேக்கிலும் இருந்து வண்டியின் உடம்பை அறிந்த கால். செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டினால் வண்டி பேசுவது காதில் விழாது என்று நீங்கள் சொல்வதுண்டு.

அதன் பிறகு தினமும் இதுதான் வேலை. நான் ஆய்வகத்துக்குப் போனதும் நீங்கள் ரயிலேறிவிடுவீர்கள். மாலையில் வந்து அறிக்கை தருவீர்கள். பச்சை நிறத் தடத்து வண்டி புறப்படும்போது பாடுகிறது, நீல நிறத் தடத்து வண்டியில் பிரேக் பிடிப்பது தெரிவதே இல்லை, கதவு ஓரிடத்திலும் அடித்துச் சாத்துவதில்லை. எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வைத்தீர்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களிடம் காட்ட வேண்டுமாம்.

சக பயணிகள் உங்கள் வெறுங்காலைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அதனால் உங்களோடு போகும்போதெல்லாம் நான் ஒரு புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். படிக்கிற பெண் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எதிர் இருக்கையில் உட்கார்ந்து அந்த அட்டையைத்தான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஒன்றாம் தடத்தில் பழைய வண்டி ஒன்றில் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். அந்தத் தடத்தில் நகரத்துக்கு அடியில் ஓடும் பகுதிக்கு ஒரு வகை மின்சாரம், வெளியே போகும் பாதைக்கு வேறு வகை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கொஞ்ச தூரத்துக்குக் கம்பியில் மின்சாரமே இருக்காது. வண்டி வந்த வேகத்திலேயே அதைக் கடந்துவிடும். அந்தச் சில நொடிகள் பழைய பெட்டிகளில் பாதி விளக்கு அணையும், குளிர்காற்று நிற்கும். அதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் அறிவிப்பார்கள். அன்றும் அறிவித்தார்கள். நான் கேட்டேன். பக்கத்தைத் திருப்பினேன்.

விளக்கு அணைந்தது. காற்று நின்றது. உங்கள் பாதத்துக்கு அடியில் மோட்டாரும் நின்றிருக்க வேண்டும். புத்தகத்தைத் தாழ்த்துவதற்குள் நீங்கள் எழுந்து நின்று கத்தினீர்கள்.

"வண்டி செத்துருச்சு! எல்லாம் கம்பியப் புடிச்சுக்கங்க!"

தமிழில்தான் கத்தினீர்கள். அங்கே அது புரிந்தது எனக்கு மட்டும்தான், நானோ உட்கார்ந்தே இருந்தேன். நீங்கள் கதவருகே ஓடி, அவசர அழைப்புக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினீர்கள்.

தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் எஞ்சின் அணைந்து போன ஒரு லாரியைப் பற்றி நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் போன வண்டி. எஞ்சின் நின்றால் காற்றுச் சேராது, காற்று இல்லையென்றால் பிரேக் இல்லை. அந்த டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனாராம், முன்னால் இருப்பவர்களாவது ஒதுங்கட்டும் என்று. நீங்களும் அன்று ரயிலில் அடித்தது அந்த ஹாரன்தான். எனக்கு அது அந்த நேரத்தில் தெரியவில்லை.

விளக்கு வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஓட்டுநர் என்ன என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நிலையத்தில் ஒரு பணியாளர் காத்திருந்தார், என் வயதுதான் இருக்கும். எங்களை நடைமேடைக்கு அழைத்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ரயில் கிளம்பாமல் நின்றது. ஜன்னல் முழுக்க முகங்கள்.

நான் கொரிய மொழியில் சொன்னது இதுதான்: "மன்னித்துவிடுங்கள். இவர் பட்டிக்காட்டு ஆள். ஒன்றும் தெரியாதவர்."

அப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் உங்கள் பக்கம் திரும்பி, இடுப்பை வளைத்து வணங்கினார். அங்கே பெரியவர்கள் யாருக்கும் அப்படித்தான் செய்வார்கள். நீங்கள் கை கூப்பினீர்கள். ரயில் போனதும் கேட்டீர்கள்.

"என்ன சாமி சொன்ன? நான் டிரைவருன்னு சொன்னயா?"

"சொன்னேனுங்கப்பா."

"அதான! அதுக்குத்தான் அப்படிக் குனிஞ்சு கும்புட்டான். வண்டி ஓட்டறவன வண்டிக்காரனுக்குத் தெரியும்."

உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்ததாகப் பல நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நான் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் லாரி ஸ்டாண்ட் டீக்கடையில் இதுதான் பேச்சு என்று அம்மா போனில் சொன்னார். உங்கள் கூட்டாளி ஒருவர், "ஏனுங் மாப்ள, கொரியாக்காரன் ரயிலையே நிறுத்திப்போட்டு வந்துட்டீங்களாமா?" என்று சீண்டினாராம். "நிறுத்துல மச்சான், காப்பாத்தப் பாத்தேன். எம்புள்ள அவனுக பாசையில என்னயப் பத்தி எடுத்துச் சொல்லுச்சு, நின்னு கும்புட்டுட்டுப் போனான்" என்றீர்களாம். பட்டறையில், உறவுக்காரர் கல்யாணத்தில், எடப்பாடியில் தெரிந்தவர் வீட்டில், எல்லா இடத்திலும் அதே கதை. அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் போனில் சிரித்தேன்.

திடீரென்று அந்தக் கதை நின்றுவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

காரணத்தை, உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா சொன்னார். அன்று ரயிலில் நீங்கள் ஜன்னல் வழியாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பதறி எழுந்தபோது அணைக்க மறந்து, போனை அப்படியே சட்டைப்பைக்குள் போட்டுவிட்டீர்கள். படம் இருட்டு, குரல் மட்டும் முழுக்கப் பதிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் காவ்யா சீரியல் பார்த்தே கொரிய மொழி கற்றுக்கொண்டவள். அவளைக் கூப்பிட்டு, "அக்கா என்னயப் பத்தி என்ன சொல்லுதுன்னு உங்கத்தைக்குச் சொல்லு கண்ணு" என்று நீங்களே போட்டுக் காட்டினீர்களாம்.

அவள் கேட்டுவிட்டுத் தயங்கினாளாம். "பட்டிக்காட்டு ஆளு, ஒண்ணும் தெரியாதவருன்னு சொல்றாங்க மாமா."

அம்மா உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். நீங்கள் போனை வாங்கி அணைத்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் சொல்லோணும். இல்லீன்னா உடுவானுகளா? புள்ள வெவரமாத்தான் பேசியிருக்குது" என்றீர்களாம். பிறகு அம்மாவிடம், "இத அதுகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்காத" என்று மட்டும் சொன்னீர்களாம்.

அதன் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு பேசினீர்கள். சாப்பிட்டயா, குளிருக்குப் போத்திக்கிட்டயா, ரயிலெல்லாம் நல்லா ஓடுதா. உங்கள் குரலில் நான் எந்த மாற்றத்தையும் கேட்கவில்லை. உங்களைப் போலக் கேட்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

அடுத்த வருடம் ஒன்றாம் தடத்தில் புது வண்டிகள் விட்டார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது அவற்றில் விளக்கு அணைவதில்லை. போனில் சொன்னேன். எந்தப் பெட்டியில் மோட்டார் என்று கேட்டீர்கள். வந்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். "முழங்காலு வலிக்குது சாமி, அவ்வளவு தூரம் முடியாது" என்றீர்கள். நான் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு முழங்கால் வலி எதுவும் இருக்கவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னார். அந்த மாதம்கூட சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு நண்பரின் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் விடுமுறைக்குத் தை மாதம் வருவதாக இருந்தது. வந்ததும் அந்தப் பணியாளரிடம் நான் உண்மையில் சொன்னதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் கார்த்திகையில் ஒரு காலை, லாரி ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எனக்கு டிக்கெட் கிடைத்து, நான் வீடு வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் மாலை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.