யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?

கண்ணு யாமினி,

நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், பார்சிப்பனியில குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. சன்னிவேல்ல நீயும் மாப்பிள்ளை பிரணவும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். ஞாயித்துக்கிழமை போன்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீயே எல்லாத்தையும் பேசிட்டு வெச்சுட்டே, அதனாலதான் எழுதறேன், நடுவுல நிறுத்தாம படி.

எங்க அசோசியேஷன் மீட்டிங் வீடியோல நீ பார்த்தது என்னைப் பார்த்துச் சிரிச்ச துண்டு மட்டும்தான். நம்ம அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால பஸ் ஸ்டாப்புக்குப் போற சின்ன கேட்டை அசோசியேஷன்காரங்க டிசம்பர்ல பூட்டிட்டாங்க, பாதுகாப்பாம். கார் ஓட்டாதவங்க எல்லாரும் இப்போ மெயின் ரோட்டைச் சுத்தித்தான் போகணும், அங்க நடைபாதையே கிடையாது. பக்கத்து பிளாக் அபயாம்பாள் ஆன்ட்டி அந்த ரோட்டோரத்துப் பனியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அவங்க அழுததைப் பார்த்த பிறகு என்னால சும்மா இருக்க முடியலை. மீட்டிங்ல எந்திரிச்சு, கேட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி ஹூ டிட் யூ ஆஸ்க்னு கேட்டேன். பிரசிடென்ட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிட்டு, அது ஹூ இல்லை மேடம், ஹூம்னு சொல்லணும்னான். நாலு பேரு சிரிச்சாங்க. உங்கப்பா என் கோட்டைப் பிடிச்சு இழுத்தாரு. முகமெல்லாம் எரிஞ்சுது, ஆனா நான் உக்காரலை. சரிங்க, ஹூம் டிட் யூ ஆஸ்க், இப்போ பதில் சொல்லுங்கன்னேன். அந்த ஆளு கையில இருந்த பேப்பரையே புரட்டிட்டு நின்னான். முன்வரிசையில ஒரு வெள்ளைக்காரம்மா எந்திரிச்சு, எனக்கும் அது தெரிஞ்சாகணும்னு சொன்னாங்க. கடைசியில யாரையும் கேட்கலைன்னு ஒத்துக்கிட்டான்.

நீ என்ன சொல்றே, அம்மா இனிமே மைக்கைப் பிடிக்காதே, எழுதி அனுப்பு, நான் திருத்தித் தரேன், பிரணவ் முன்னாடி எனக்குக் கூச்சமா இருக்குன்னு. யார் கேட்டாங்க, யாரைக் கேட்டாங்க, இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதா கண்ணு? அவங்க ஹூவும் ஹூமும் அதேதானே. அவசரத்துல நாக்குல ஹூன்னு வந்துச்சு, இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்களுக்கும் அப்படித்தான் வருது, டிவியைப் போட்டுக் கேளு. அவங்களை யாரும் நிறுத்தித் திருத்தறதில்லை. அந்த ஆளுகிட்ட பதில் இல்லை, அதனால என் இங்கிலீஷைப் பிடிச்சுக்கிட்டான். நீயும் அதையே பிடிச்சுக்கிட்டதுதான் எனக்கு வருத்தம்.

பூட்டு இன்னும் அப்படியேதான் இருக்கு. அடுத்த மாசம் அசோசியேஷன் தேர்தல், அந்த ஆளு இடத்துக்கே நான் நிக்கறேன், பேர் கொடுத்தாச்சு. அப்பா முதல்ல வேண்டாம்னாரு, இப்போ வீடு வீடா என்கூட ஓட்டுக் கேட்க வர்றாரு. எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசறேன். தப்பு வரும், வரட்டும்.

மகராசியா இரு சாமி, நேரத்துக்குச் சாப்பிடு, கார் டயரை மாத்திடு. தேர்தல் மீட்டிங்கை லைவ்ல காட்டுவாங்களாம், பிரணவையும் பக்கத்துல உக்கார வெச்சே பாரு.

உன் அம்மா,
மரகதம்