கார் ஆட்டத்துக்குக் கடைசி இடமாமே, பாவா!

அன்புக்கும் அடிதடிக்கும் உரிய என் பாவாவுக்கு,

என்ன ஆள் ஐயா நீ! செத்துப்போன மனுஷனுக்கு எழுதும்போது இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் உன் காரியத்தன்று மொட்டை மாடியில் எனக்கு விழுந்த அடியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள். நீ மட்டும் என்ன பெரிய வாத்தியாரா?

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீ என் அக்கா புருஷன் முனிரத்தினம். திருத்தணி பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தாய். நான் கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினேன். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத வீடியோ கேம் பொட்டி ஒன்றை நீ சரி பண்ணி, "ஓடுதான்னு பாக்கலாம் வாடா" என்று கூப்பிட்டாய். ஓடுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தவர்கள் கிழவர்களாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆவடியில் வேலைக்குப் போன உன் மகன் சேகர் பிறகு புதுப் பொட்டியும் வாங்கித் தந்தான். சாயங்காலம் ஆனால் ஆளுக்கு ஒரு ரிமோட். அக்கா காபி வைத்துவிட்டு, "வயசான எருமைங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

நம் சண்டையெல்லாம் எந்த ஆட்டம் ஒண்ணாம் நம்பர் என்பதில்தான். பேரெல்லாம் நாமே வைத்தது. அட்டையில் இருந்த இங்கிலீஷை யார் படித்தது? ஒவ்வொரு ஆட்டமும் ரெண்டாம் பாகம், மூணாம் பாகம் என்று குட்டி போட்டுக்கொண்டே போனது.

எனக்கு 'ரெண்டு பட்டாளம்'தான் முதல். துப்பாக்கியோடு ரெண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். ஒருத்தன் முந்தினால் பின்னால் இருப்பவன் திரைக்குக் கீழே விழுந்து செத்துவிடுவான். உனக்கு முட்டி வலி வந்த பிறகு நீ தெருவில் நடந்த மாதிரியே அதிலும் மெதுவாகத்தான் வந்தாய். நானும் நின்று நின்று உன்னைக் கூட்டிப்போனேன்.

அடுத்தது 'கும்மாங்குத்து'. என் வீட்டுக்காரி செத்துப்போன வருஷம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. நீ ஒரு பட்டனையும் அழுத்தாமல் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அடிடா, நல்லா அடி" என்றாய். அதை எப்படி மறப்பேன்? அதற்கும் கீழே 'குள்ளன்'. சுவரை முட்டினால் காசு கொட்டும், சரியான குழாயில் இறங்கினால் வேறொரு உலகம். எந்தக் குழாய் என்பது உனக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. கார் பந்தயம் கடைசி. நாளெல்லாம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தவன் வீட்டிலும் ஓட்டணுமா?

நீயோ விட மாட்டாய். "காருதான்டா ஃபர்ஸ்டு. ஷேர் ஆட்டோ ஓட்றவனுக்கு இன்னா தெரியும் காரோட அருமை?" என்பாய். நான் கத்த, நீ சிரிக்க, காபி ஆறிப்போகும்.

நீ போனதிலிருந்து அக்கா வாயைத் திறக்கவில்லை, பாவா. அழவும் இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். நான் கிண்டல் பண்ணிப் பார்த்தேன், ஒரு முறைப்புகூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அவளை ஆவடிக்குக் கூட்டிப்போவது என்று சேகர் முடிவு பண்ணிவிட்டான். "வரியாம்மா?" என்று கேட்டான். பதில் இல்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊரிலேயே பேசாத மனுஷி, போகிற ஊரிலா பேசப்போகிறாள்?

காரியத்தன்று மாடியில் இலை போட்டு உனக்குப் படைத்தோம். காக்கா வந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து இலையைப் பார்த்தது. இறங்கவில்லை. செத்தவருக்கு ஏதோ மனக்குறை, அது தீர்ந்தால்தான் காக்கா சோறு எடுக்கும் என்பார்களே, ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

"நைனா, அம்மாவை என் கூடவே கூட்டினு போய்டறேன். கண்ணுல வெச்சிப் பாத்துக்கறேன். வந்து எடுத்துக்கோ நைனா" என்றான் சேகர். காக்கா கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

"முனிரத்னம், உன் பேத்தி படிப்புக்கு நாங்க இருக்கறோம்பா!" என்றார் பெரிய பங்காளி. அது ஓரடி தள்ளி உட்கார்ந்தது.

"அதுக்கு இன்னா வேணும்னு எனக்குத்தான் தெரியும். தள்ளுங்க" என்று நான் முன்னால் போனேன். "பாவா! உன் காரு ஆட்டமே ஃபர்ஸ்டு, ஒத்துக்கறேன்! என் பட்டாளம் ரெண்டாவது. போதுமா? எறங்கி வா!"

"காரியத்துல வந்து கூத்தடிக்கறான் பாரு" என்று பங்காளி பல்லைக் கடித்தார். காக்கா இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. "சரி, பட்டாளத்த மூணாவதா தள்றேன். அதுக்கு மேல பேரம் கெடையாது பாவா!" என்றேன். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் பேசியதிலிருந்து சேகருக்கு ஒரு யோசனை வந்தது. "நைனா, உன் கேம் பொட்டிய யாருக்கும் தூக்கிக் குடுக்க மாட்டேன். அதுல இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு, புதுசா ஏத்தி பசங்களுக்கு வெச்சிக்கறேன்."

"தொட்டே, கைய ஒடச்சிடுவேன்!"

யார் குரல் என்று எல்லோரும் திரும்பினோம். அக்கா! மாடிப்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். பங்காளி கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் அவர் வேட்டியிலேயே கொட்டியது.

"இன்னாம்மா?" என்றான் சேகர், அரண்டுபோய்.

"அதுல ஒண்ணயும் அழிக்கக் கூடாது. அவரு குதிரை அதுல நிக்குது."

குதிரையா? நமக்கு ஏது குதிரை? நாம் ஆடிய எந்த ஆட்டத்தில் குதிரை இருந்தது, பாவா?

"எந்தக் குதிரைக்கா?"

"அவருக்கு ஃபர்ஸ்டு ஆட்டம் அதான்டா. காரு இல்ல. காருக்கு அவரு கணக்குல கடைசி எடம். அத ஆட ஒக்காந்தாலே தலை சுத்திக்கினு வரும் அவருக்கு. உன்ன வெறுப்பேத்தத்தான் அப்படிச் சொல்லிக்கினு இருந்தாரு."

எனக்கும் தலை சுற்றியது. ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் நான். என்னையே இத்தனை வருஷமாக ஒருத்தன் ஓட்டியிருக்கிறான்!

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மத்தியானத்துல யாரு கூட ஆடினாரு, பேயி கூடயா?"

"நீயா? நீ ஆடுவியா? அப்ப அந்தக் குள்ளன் ஆட்டத்துல குழாய் வழி..."

"அவரா கண்டுபிடிப்பாரு? கண்ணாடிய எங்க வெச்சாருன்னே கண்டுபிடிக்கமாட்டாரு."

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. காபி வைத்துவிட்டு உள்ளே போன அக்காவை நினைத்துப் பார்த்தேன். எருமைகள் என்று சொன்னது வயசைப் பார்த்து அல்ல, நாம் ஆடிய லட்சணத்தைப் பார்த்துத்தான் என்று இப்போது புரிகிறது. "ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அது ஒத்த ரிமோட்டு ஆட்டம்டா தணிகா. அவரு ஓட்டுவாரு, நான் வழி சொல்லுவேன். உன்ன எங்க ஏத்தறது? உன் ஷேர் ஆட்டோவா அது, பின்னால நெருக்கி ஒக்கார?"

பிறகு சேகர் பக்கம் திரும்பினாள். "நான் ஆவடிக்கு வரலப்பா. பொங்கலுக்கு வரேன், பசங்களப் பாக்கறேன். எனக்கு இங்கதான்." அவன் அழுதுகொண்டே தலையாட்டினான். அம்மா பேசினதே அவனுக்குப் போதும்போல இருந்தது.

இந்தக் களேபரத்தில் இலையை யாரும் பார்க்கவில்லை. திரும்பினால் வடையைக் காணோம். காக்காதான் எடுத்தது என்று சேகர் சத்தியம் பண்ணுகிறான். மலைப்பக்கமிருந்து வந்த குரங்கு ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். நீ எந்த வேஷத்தில் வந்தாய்? குரங்கு என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அக்கா இப்போது சாப்பிடுகிறாள், பாவா. என்னைத் திட்டுகிறாள். ஒரு மத்தியானம் கூப்பிட்டு அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். ஆற்றங்கரை. தொப்பி போட்ட ஒருத்தன் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறான். நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் நிறுத்திவைத்த இடமாம். தண்ணீரில் இறங்கலாம் என்று நீ, பாலத்தைச் சுற்றிப் போகலாம் என்று அவள். "வந்து பாத்துக்கலாம் இரு" என்று சொல்லிவிட்டுப் போனாயாமே?

"ஓட்டுக்கா, அந்தாண்ட இன்னா கீதுன்னு பாக்கலாம்" என்றேன்.

"வேணாம். அவரு தப்பா போனா நான் திட்டுவேன். நான் தப்பா போனா யாரு திட்டறது?"

குதிரை தலையைத் தாழ்த்திப் புல்லை மோந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு கும்மாங்குத்தைப் போட்டு என்னைப் பிழிந்து காயவைத்தாள். நீ தினமும் மத்தியானம் இந்த அடியை வாங்கிக்கொண்டுதான் சாயங்காலம் என்னிடம் வீரம் பேசினாயா? நான் பார்க்கவே இல்லாத ஒரு ஆட்டத்துக்கு என் வரிசையில் எந்த இடம் கொடுப்பது? நீயே சொல்.

லீவுக்குச் சேகர் பசங்க வருகிறார்கள். அந்தக் குதிரையை ஒருத்தரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவை அவசரப்படுத்த மாட்டேன். அவளாக ஒரு நாள் ரிமோட்டை எடுத்து அந்த ஆற்றில் இறங்கினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வழி சொல்ல எனக்குத் தெரியாது. தப்பாகப் போனால் வாய் நிறையத் திட்டுவேன். சத்தியம்.

இப்படிக்கு,
உன்னிடம் நன்றாக ஏமாந்த மச்சான்,
தணிகாசலம்