இரண்டாவது சரணத்து இருமல்

அக்கா,

அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு ஆகாது. ஆனாலும் இதைச் சொல்லாம இருக்க முடியலை.

அவரோட நாட்டுப்புறப் பாட்டுக்கு உயிரை விடுற ரசிகர்களைப் பத்தி ரேடியோவுக்கு நிகழ்ச்சி பண்றேன்ல? நேத்து தையல்கடை மாடியில கூடி, அவரோட முதல் பாட்டைப் பாடினாங்க. இரண்டாவது சரணம் முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் ஒண்ணா இருமிச்சு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மைக்கை நீட்டி ஏன்னு கேட்டேன்.

"ரெக்கார்டுல அந்த இடத்துல யாரோ இருமியிருக்காங்க. அது இல்லாம எங்களுக்குப் பாட்டு நிறையாதும்மா"ன்னார் தையல்காரர்.

யாரோ இல்லைக்கா, நீதான். வீட்டுலயே பதிவு பண்ணினப்போ கக்குவான் இருமலோட அவர் மடியில கிடந்தியாம். அம்மா சொன்னாங்க.

மறுபடி பாடியிருக்கலாமே, ஏன் அப்படியே விட்டார்? நான் கேட்கலை. நீயே வந்து கேளேன். ஆஸ்பத்திரியில சாயங்காலம் மட்டும்தான் உள்ளே விடுறாங்க.

உன் தங்கை