டெலியா எந்த வீட்டில் தூங்குகிறாள்

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌகரியம்தான். அலாஸ்கா குளிரில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

உன் தங்கையை ஆர்லீன் பெரியம்மா விலாசத்தைக் கொடுத்து வெஸ்ட் ஹாலோ உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தது உனக்குத் தெரிந்த கதைதான். நீ படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது வாசலிலேயே பையைக் கொட்டிக் காட்டச் சொல்கிறார்கள், வருஷ நடுவில் கணக்கு டீச்சர் போய்விட்டால் அடுத்தவர் வருவதே இல்லை. பெரிய சாலையைத் தாண்டினால் வெஸ்ட் ஹாலோ, அந்தப் பள்ளியின் பேரைச் சொல்லியே அங்கே வீடு விற்கிறார்கள். அங்கே குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அதில் இடம், நாம் இருப்பதோ சாலைக்கு இந்தப் பக்கம். தினமும் இருட்டோடு அவளைப் பெரியம்மா வீட்டில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன், அங்கிருந்து பள்ளி பஸ் ஏறுவாள். எல்லைக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அவர்கள் ஆள் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரு பெண்ணைப் பரீட்சைக்கு முன்னால் வெளியே அனுப்பினார்கள். பின்னால் ஒரு கார் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் வந்தாலே நான் வேறு தெருவில் திருப்பிவிடுவேன்.

இதற்கு நடுவில் நம் டெலியா ஓட்ட அணியில் தேறி மாநிலப் போட்டி வரைக்கும் வந்துவிட்டாள். கல்லூரிக்காரர்கள் பார்க்க வருவார்களாம், நன்றாக ஓடினால் படிப்புச் செலவையே ஏற்றுக்கொள்வார்களாம். சந்தோஷப்படக்கூட எனக்குப் பயம். தேறிய பிள்ளைகளின் வீட்டு முன் புல்தரையில் அணித் தாய்மார்கள் விடிவதற்குள் வந்து பிள்ளையின் பேர் எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஒரு மழை நாளில் அந்தத் தாய்மார்களில் கெல்லி என்பவள் இவளைக் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். இந்த அசட்டுப் பெண் பெரியம்மா வீட்டைச் சொல்லாமல் நம் வாசலிலேயே இறங்கியிருக்கிறாள். நனைந்து நடுங்கியதில், வீடு எங்கே என்று கேட்டதும் நம் வீடுதான் வாயில் வந்ததாம். எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற கவலை கெல்லிக்கு என்றைக்கு இருந்தது, அவள் பாசத்தோடு பலகையை இங்கேயே கொண்டுவந்து நட்டுவிட்டாள். இருட்டில் கிளம்பிப் போனதால் நான் கவனிக்கவில்லை. மத்தியானம் வந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாக, இவ்வளவு பெரிய எழுத்தில், வெஸ்ட் ஹாலோ ஓட்ட அணியின் டெலியா இங்கே வசிக்கிறாள் என்று நிற்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கி உள்ளே போட்டேன், ஆனால் அதற்குள் யார் யார் கண்ணில் பட்டதோ.

அந்த வாரமே பள்ளியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன், அவரோ ரொம்ப மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "டெலியா ராத்திரி தூங்குறது இந்த வீட்டுலதானே, மேடம்?" என்று கேட்டார். அவள் சமையலறையில் மக்ரோனி தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் ஒரு சுவர்தான். "இல்லைங்க, அவ என்கூட இல்லை. எனக்கும் அவளுக்கும் ஒத்தே போகாது. என்னால வச்சுச் சமாளிக்க முடியாதுன்னு அக்காகிட்ட விட்டுட்டேன்" என்றேன். அவர் கேட்காததையெல்லாம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை ரஸ்ஸல், பயத்தில் வந்துவிட்டது. அந்த மனிதருக்கே சங்கடமாகிப் போய்விட்டது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

உள்ளே வந்தால் அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை. "நல்லா சொன்னே, அம்மா. நானே நம்பிட்டேன்" என்றாள். அவர் அங்கேயும் வந்து பார்ப்பார், அப்போது நான் அங்கே இருக்க வேண்டும் அல்லவா என்று நியாயமாகத்தான் பேசினாள். நானேதான் காரில் கொண்டுபோய் விட்டேன்.

சொன்ன மாதிரியே அந்த ஆள் பெரியம்மா வீட்டுக்குப் போனாராம், அவள் படுக்கையைப் பார்த்தாராம், திருப்தியாகப் போய்விட்டாராம். இனி பள்ளியில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இவள் வீட்டுக்கு வரவில்லை. சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், படிக்கிறாள், நான் கூப்பிட்டால் மட்டும் போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்று பெரியம்மா சொல்கிறாள். இப்படியே கல்லூரிக்கும் போய்விடுவாளோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. போய்க் கைதட்ட ஆசைதான், யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வேன்?

படகில் ஏறும்போது மிதவைச் சட்டையைச் சரியாகப் பூட்டிக்கொள். கடவுள் உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டெலியாவைக் கூப்பிடு, நீ கூப்பிட்டால் எடுப்பாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். அம்மா அன்றைக்கு வாசலில் சொன்னது பொய் என்று மட்டும் சொல்லு, மறந்துவிடாதே.

உங்கள் இருவருக்கும் அம்மா,
லொரேட்டா