அடுக்களைப் புகையும் நான் சொன்ன பொய்யும்

அன்பு மகள் அஜிஷாவுக்கு,

ஆரியங்கோட்டிலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இன்றைக்குச் சுகமாக இருக்கிறோம், இன்றைக்கு என்று ஏன் எழுதினேன் என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். போனில் பேசும்போது அம்மா என் பக்கத்திலேயே இருப்பதால் இதைச் சொல்ல வழியில்லை, நம் ஊர்ப் பெண் மினி லீவு முடிந்து வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

காற்றில் புகை எவ்வளவு என்று பார்க்க நீ அனுப்பிய கருவியை உன் சித்தப்பா மகன் சிபி வந்து அடுக்களையில் மாட்டித் தந்தான் அல்லவா. முதல் வாரம் அது பச்சையாகத்தான் எரிந்தது, மழை பிடித்ததும் அம்மா ரப்பர் பாலை உறையவைத்து அடித்த ஷீட்டுகளைக் காயவைக்க அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, தேங்காய்ச் சிரட்டையும் ஈர விறகும் வைத்துப் புகை போட்டாள், இருபதில் நின்ற எண் முந்நூறைத் தாண்டிச் சிவந்துவிட்டது. நீ அங்கிருந்தே உன் போனில் அதைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாய். இந்தப் புகை வேண்டாம் என்று நீ அன்பாகத்தான் சொன்னாய், ஆனாலும் அவளுக்குத் தன் அடுக்களையைக் குறை சொன்னதுபோல் பட்டுவிட்டது. இந்தப் புகையில் காய்ந்த ஷீட்டில்தான் பிள்ளை நர்சிங் படித்தாள் என்று சொல்லி, கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். ஒன்றும் தெரியவில்லையே என்று நீ கேட்டபோது வைஃபை சரியில்லை என்றேனே, அது பொய், அஜிஷா மக்களே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் புறப்படுகிற நேரம், மூச்சு எடுக்க முடியாமல் அம்மா அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. ராஜையாவின் ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மூன்று நாள் கிடந்தாள். வீட்டில் விறகு எரிக்கிறீர்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைகிட்ட சொல்லாண்டாம், அவ அங்க தனியா கெடந்து கரைவா." நீ அழுவாயே என்று நானும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். நீ அங்கே யார் யாருடைய அம்மாவுக்கோ ஆக்ஸிஜன் வைக்கிறாய், உன் அம்மாவுக்கு இங்கே உன் வயதில் ஒரு பெண் வந்து வைத்தாள், அதைப் பார்த்து நிற்க முடியாமல் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

இப்போது ஷீட் அடிப்பதை விட்டுவிட்டோம், ரப்பர் பாலை அப்படியே சங்கத்தில் ஊற்றுகிறேன். சமையல் முழுக்க கேஸில்தான். இன்ஹேலரை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது, அது பெரிய சண்டை. முந்தாநாள் அவளே கருவியை எடுத்து வந்து மாட்டச் சொன்னாள். என்ன திடீரென்று என்று கேட்டதற்கு, "அவ பாக்கட்டு, நாம இங்க உண்டுன்னு தெரியட்டு" என்றாள். நாளைக்குச் சிபி வருவான்.

இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கோபப்படாதே, கோபமெல்லாம் என்மேல் காட்டு. நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு தூங்காதே. நீ போய் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட உன்னை வா என்று நாங்கள் கேட்டதில்லை, உன் வேலைக்குத் தடையாகக் கூடாது என்று இருந்துவிட்டோம். அம்மா இனியும் கேட்க மாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் வா, மக்களே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
ரெத்தினதாஸ்