சீல் உடைக்காத ஆயில் பக்கெட்

அண்ணி,

இன்று காலை பெரம்பலூர் பட்டறை ஒன்றில் என் டிராக்டருக்குக் கியர் ஆயில் மாற்றினார்கள். அடி நட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் தட்டில் இறங்கியது. சுட்ட எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். "என்னங்க, தல சுத்துதா?" என்று மெக்கானிக் கேட்டார். இல்லை என்றேன். உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தச் சின்ன டிராக்டரை அண்ணன் குவைத்துக்குப் போவதற்கு முந்தைய வருஷம் பழசாக வாங்கினான். பருத்திச் சாலுக்கு நடுவில் புகுந்து உழும் குட்டி வண்டி. அண்ணன் போன பிறகு நான்தான் ஓட்டுவேன் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். ஆனால் அவன் விமானம் ஏறுவதற்குள் நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். சேலைக்கு மேல் அவனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. முதலில் நம் காடு, பிறகு பக்கத்துக் காடு. ஒரு வருஷத்தில் பாடாலூர் வரைக்கும் உங்களை உழவுக்குக் கூப்பிட்டார்கள். நான் ஓட்டினால் கடகடவென்று கத்தும் கியர், உங்கள் கைக்குச் சத்தமில்லாமல் விழும். "கிளட்ச முழுசா மிதிங்க தம்பி. அரகொறயா மிதிச்சா உள்ள பல்லு தேஞ்சுரும்" என்பீர்கள். தினமும் காலையில் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டீர்கள். கியருக்கும், கலப்பையைத் தூக்கி இறக்குவதற்கும் ஒரே ஆயில்தான் என்பதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

பிறகு அந்த ஐப்பசி. மழை விடாமல் பெய்ததில், கியர் கம்பியின் அடியில் வெடித்திருந்த ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. குச்சியைக் கொண்டுவந்து காட்டினீர்கள்.

"இங்க பாருங்க தம்பி, பால் டீயாட்டம் இருக்கு. இத வச்சு ஓட்டுனா பேரிங் துருப்புடிச்சுப் போயிரும்."

அன்றைக்கே டவுனுக்குப் போய்ப் புது ரப்பரும் ஒரு பக்கெட் ஆயிலும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். மறுநாள் உங்கள் தம்பி கல்யாணத்துக்கு ஜெயங்கொண்டம் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "பழச முழுக்க வடியவுட்டுட்டு ஊத்துங்க. நான் வந்ததும் உழவு இருக்கு" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள்.

ரப்பரை மாற்றினேன் அண்ணி. அது நிஜம். அடி நட்டுதான் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் தோல் உரிந்தது. கூட்டாளிகள் கொல்லிமலைக்குப் போகிறோம் என்று பைக்கில் வந்து நின்றார்கள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கெட்டை மோட்டார் கொட்டகையில் உர மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். நான் திரும்பியபோது நீங்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தீர்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாத்தியாச்சா தம்பி?" என்றீர்கள்.

"ஆச்சு அண்ணி."

வழக்கம்போலக் குச்சியை உருவக் கை நீட்டினீர்கள். "இப்பதான மாத்திருக்கு, அதப் போயி எதுக்குப் பாக்குறீங்க?" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டீர்கள்.

மறுநாள் மதியம், அடுத்தவர் பருத்திக்காட்டின் நடுவில், பெரிய சத்தத்தோடு வண்டி நின்றது. கியர் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மெக்கானிக் வந்து பிரித்து, உடைந்த பேரிங்கையும் பல் போன கியரையும் சாக்கில் பரப்பினார். எல்லாவற்றிலும் துரு. "ஆயில் மாத்தி எத்தன வருசம் ஆச்சுங்க?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

அதற்குள் யாரோ சொல்லி அண்ணன் போன் போட்டுவிட்டான். ஸ்பீக்கரில் அவன் கத்தியது வரப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "ஓட்டத் தெரியாதவளுக்கு வண்டி எதுக்குடி? ஒடச்சுப் போட்டுட்டியா?" நீங்கள் போனைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தீர்கள். எனக்காகத்தான் என்று அப்போதே தெரியும். நான் சாக்கில் கிடந்த பேரிங் குண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்றீர்கள்.

அண்ணன் அதோடு விடவில்லை. உங்கள் அப்பாவுக்கும் போன் போட்டு, "உங்க பொண்ணு வண்டிய ஒடச்சுட்டா" என்று சொன்னான்.

நாலைந்து நாள் கழித்து மெக்கானிக் புதுப் பேரிங்கெல்லாம் போட்டு மூடிவிட்டு, ஆயில் வேண்டும் என்றார். "நான் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வரேன்" என்று அவசரமாக எழுந்தேன். "வேணாம் தம்பி, வூட்டுலயே இருக்கு" என்றீர்கள். மோட்டார் கொட்டகைக்குப் போய் அந்தப் பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மெக்கானிக் முன்னால் வைத்தீர்கள். சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டீர்கள்.

அண்ணன் சொன்னபடி வண்டி அந்த மாதமே கைமாறிப் போனது. நீங்கள் மறுபடியும் களைவெட்டுக்குப் போக ஆரம்பித்தீர்கள். உங்களை உழவுக்குக் கூப்பிட்டவர்களின் காட்டிலேயே வரிசையில் குனிந்து களை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, நான் பைக்கில் அந்த வழியாகப் போய் வந்தேன். முன்னமே துரு ஏறியிருந்தால் ஆயில் மாற்றியிருந்தாலும் உடைந்திருக்கும் என்று பின்னால் ஒரு மெக்கானிக் சொன்னார். சில வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். ஆனால் நான் சொன்ன பொய்க்குத் துருவைக் காரணம் காட்ட முடியாதே.

போன வருஷம் வயிற்றில் கட்டி என்று திருச்சி ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது, ஒரு மதியம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "மாத்தலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கழட்டியிருப்பேன் தம்பி."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நீங்களாகவே திறந்துவிட்ட கதவு அது. நான் உள்ளே வரவில்லை. "மதிய மாத்திர போட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். "போட்டேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்தப் பேச்சை நீங்கள் மறுபடி எடுக்கவில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்று அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவ அப்பாகிட்டப் போய்ச் சொல்லுடா. நான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்ல" என்றான்.

போனேன். உங்கள் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உங்கள் தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்றபடியே சொன்னேன். வண்டியை அண்ணி உடைக்கவில்லை மாமா, நான் ஆயில் மாற்றாமலே மாற்றியாச்சு என்று பொய் சொன்னேன் என்று. உங்கள் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். உங்கள் அப்பா என்னைத் திட்டவில்லை.

"எம் பொண்ணு ஒடச்சிருக்க மாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. ஆனா அத அவகிட்ட ஒரு தடவகூடச் சொல்லலையே நானு" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் பொய்யை இறக்கி வைக்கத்தான் போனேன் அண்ணி. அது இறங்கவில்லை. அன்று அவர் சொன்னதும் சேர்ந்துகொண்டது. உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டிய சொல் அது. என்னிடம்தான் இருக்கிறது.